சேலத்தில் 19 பேரைத் தூக்கில் ஏற்றியது நம்பிக்கையா, நீதிமன்றமா? ‘நீதிமன்றமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் தலைப்பைப் படித்த பெரியவர் ஒருவர், “சேலத்துல எப்ப சார் 19 பேரைத் தூக்குல போட்டாங்க?” என்று பதறிவிட்டார். ஐயா, இது மாம்பழச் சேலம் இல்லை. அமெரிக்காவில், பாஸ்டனுக்கு வடக்கே கடலோரமாக இருக்கிற சேலம். 1692இல் சூனியம் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டி அங்கே 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். எபிரேய மொழியில் சமாதானம் என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வைத்த பெயர். சமாதானம் பெயரோடு சரி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி அழகாகப் பேசினார். இங்கிலாந்துத் திருச்சபையில் இன்னும் கத்தோலிக்க வாடை போகவில்லை என்று கடல் கடந்து வந்தவர்கள் பியூரிட்டன்கள். கடவுளோடு ஊரே சேர்ந்து உடன்படிக்கை செய்துகொண்டதாக நம்பினார்கள். ஒருத்தர் பாவம் செய்தால் ஊருக்கே தண்டனை என்று பயந்தார்கள். பிசாசு அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நிஜம் என்றார். எல்லாம் உண்மை. ‘சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்’ என்ற யாத்திராகமம் 22:18ஐ எடுத்துச் சொல்லி, 1641இலேயே, சேலம் இருந்த ஆங்கிலேயக் காலனியான மாசசூசெட்ஸின் சட்டத்தில் அது மரண தண்டனைக் குற்றமாக ஏறிவிட்டது என்றும் காட்டினார். “கயிறு திரித்தது நம்பிக்கைதான்” என்று முடித்துக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டத்தானே வேண்டும்.

ஆனால் அம்மா, 1641இல் திரித்த கயிறு 50 வருஷம் அநேகமாகச் சும்மாதானே தொங்கியது? அந்தக் காலனியில் 1692க்கு முன்னால் சூனியத்துக்காகத் தூக்கில் ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் 1692 ஜூன் 10 முதல் செப்டம்பர் 22 வரை, நூறு நாள் சொச்சத்தில் 19 பேர். 14 பெண்கள், 5 ஆண்கள். ஒரு கிழவரைக் கல் அடுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையிலேயே செத்தார்கள். நம்பிக்கை திடீரென்று அந்த நூறு நாள் மட்டும் பொங்கியதா? அதற்கு முன்னால் என்ன, கடவுளும் பிசாசும் லீவில் இருந்தார்களா?

முதலில் தூக்கில் ஏறிய பிரிட்ஜெட் பிஷப்பைப் பாருங்கள். இந்தப் பெண் மேல் சூனியக் குற்றச்சாட்டு வந்தது இரண்டு தடவை. முதல் தடவை 1680 வாக்கில். கொட்டகையின் உத்திரத்து மேல், கையில் ஒரு முட்டையோடு அவருடைய உருவம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்று ஓர் அடிமை சாட்சி சொன்னார். கேட்கவே முடி சிலிர்க்கிறது இல்லையா? என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பிரிட்ஜெட் வீட்டுக்குப் போனார், இன்னும் 12 வருஷம் வாழ்ந்தார். இரண்டாம் தடவை 1692. அதே பெண், அதே ஊர், அதே பைபிள். ஜூன் 2ஆம் தேதி விசாரணை, 10ஆம் தேதி தூக்கு. எட்டே நாள். நடுவர் அவர்களே, 12 வருஷத்தில் நம்பிக்கை மாறவில்லை. கோர்ட் மாறியது.

எப்படி மாறியது? கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில் 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வலிப்பு மாதிரி ஒன்று வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு மருந்தில் அடங்காது, இது வேறு கை என்றார். அந்த வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா, பிச்சையெடுத்த சாரா குட், படுத்த படுக்கையாக இருந்த சாரா ஆஸ்போர்ன் என்று மூன்று பேரைப் பிடித்தார்கள். மே மாதத்துக்குள் சிறைகள் நிரம்பிவிட்டன. ஆனால் ஒருவரையும் தண்டிக்க முடியவில்லை. காரணம், காலனிக்கு ஆட்சி உரிமை கொடுத்த பழைய சாசனத்தை லண்டன் 1684இலேயே ரத்து செய்துவிட்டது. புதுச் சாசனத்தை எடுத்துக்கொண்டு புது கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் வந்து இறங்கியது மே 14ஆம் தேதிதான். வந்த கையோடு அவர் செய்த வேலை, மே 27ஆம் தேதி இதற்கென்றே ஒரு விசேஷ நீதிமன்றம் அமைத்தது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். அவர் கல்லூரியில் படித்தது இறையியல். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வக்கீல் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு அவர்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கோர்ட் கையில் எடுத்த ஆயுதத்துக்குப் பெயர் உருவச் சாட்சியம். என்னவென்றால், நேற்று ராத்திரி நீங்கள் உங்கள் வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். உங்கள் மனைவி சாட்சி. ஆனால் நான் கோர்ட்டுக்கு வந்து, இவருடைய உருவம் என் படுக்கைக்கு வந்து கழுத்தை நெரித்தது என்கிறேன். நான் வீட்டில் இருந்தேனே என்கிறீர்கள். ஆமாம், உடம்பு வீட்டில்தான் இருந்தது, வந்தது உருவம் என்கிறேன். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எந்த வக்கீல் வந்து என்ன சொல்வார்? அந்த உருவம் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நீதிபதி கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

சாரா குட் விசாரணையில் நடந்தது இது. பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் ஒரு பெண் கோர்ட்டிலேயே துடித்து விழுந்தாள். சாராவின் உருவம் கத்தியால் குத்தியது, கத்தி உடைந்துவிட்டது, இதோ துண்டு என்று காட்டினாள். பார்த்தால் நிஜமாகவே உடைந்த கத்தித் துண்டு. கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். “ஐயா, அது என் கத்தி. நேற்று உடைந்தது. இந்தப் பெண் பார்க்கத்தான் துண்டைத் தூக்கிப் போட்டேன்” என்று மீதிக் கத்தியை எடுத்துக் காட்டினார். இரண்டும் பொருந்தின. சாட்சி பொய் என்று கையும் களவுமாகத் தெரிந்துவிட்டது. நம் ஊர் பஞ்சாயத்தாக இருந்தால்கூட அந்தப் பெண்ணை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தக் கோர்ட் என்ன செய்தது? இனிமேல் பொய் சொல்லாதே அம்மா என்று கண்டித்துவிட்டு, அதே பெண்ணை மற்றவர்களுக்கு எதிராகத் தொடர்ந்து சாட்சி சொல்ல வைத்தது.

இதில் பைபிள் எங்கே வந்தது? பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதும் அதே யாத்திராகமத்தில்தானே இருக்கிறது, இரண்டு அதிகாரம் முன்னால்?

ரெபெக்கா நர்ஸ் பாட்டிக்கு வருவோம். வயது 71. காது சரியாகக் கேட்காது. தேவாலய உறுப்பினர். அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ 40 பேர், இவரைப் பற்றி இப்படி நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த 40 பேரும் பியூரிட்டன்கள்தான் அம்மா. ஜூன் கடைசியில் விசாரணை. பன்னிரண்டு ஜூரிகளும் உள்ளே போய் வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள். உடனே சிறுமிகள் கூச்சல் போட்டார்கள். ஸ்டோட்டன் என்ன செய்திருக்க வேண்டும்? தீர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பாட்டியை அனுப்பியிருக்க வேண்டும். அவர் ஜூரியிடம், சற்று முன்னால் இந்தப் பெண் சொன்னதைக் கவனித்தீர்களா என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைச் சாட்சிக்கு அழைத்து வந்தபோது, “இவளும் எங்களில் ஒருத்தியாயிற்றே” என்று பாட்டி சொல்லியிருந்தார். ஜூரிகள் மறுபடி உள்ளே போனார்கள். ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வெளியே வந்து பாட்டியிடமே கேட்டார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று. பாட்டி பேசாமல் நின்றார். மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். குற்றவாளி.

அவர் பிறகு எழுதிக் கொடுத்தார்: எங்களோடு சிறையில் இருந்தவள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், எனக்குக் காது மந்தம், மனசும் துக்கத்தில் இருந்தது, கேள்வி கேட்டதே எனக்குத் தெரியாது. ஜூலை 19ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். நடுவர் அவர்களே, நம்பிக்கை நிறைந்த பன்னிரண்டு பியூரிட்டன்கள் விடுதலை செய்த பாட்டி அவர். ஒரு நீதிபதியின் கேள்வி அவரைக் கொன்றது.

இன்னொரு விசித்திரம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள் செத்தார்கள். ஆமாம், நான் சூனியக்காரிதான், பிசாசின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று முதலில் சொன்ன டிட்டுபா தூக்கில் ஏறவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் அவர் வழியில் ஒப்புக்கொண்டார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் ஒப்புக்கொண்டுவிட்டு, சொன்னது பொய் என்று வாபஸ் வாங்கினார். அவரைத் தூக்கில் போட்டார்கள். சூனியக்காரியை உயிரோடு வைக்கக் கூடாது என்பதுதான் நம்பிக்கை என்றால், ஒப்புக்கொண்ட சூனியக்காரியை அல்லவா முதலில் தூக்கியிருக்க வேண்டும்? ஒப்புக்கொண்டவர்களை அடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளாக வைத்துக்கொள்வது வேதாகமம் சொன்னது இல்லை, கோர்ட்டின் வசதி. நம் ஊர்ப் பாஷையில் அப்ரூவர்.

ஜான் புரோக்டர் என்ற விவசாயி சிறையிலிருந்து ஜூலை 23ஆம் தேதி பாஸ்டன் போதகர்களுக்குக் கடிதம் எழுதினார். வாக்குமூலம் வாங்க இளைஞர்களைக் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை போட்டிருந்தார்கள் என்று எழுதினார். அதில் ஒருவர் அவருடைய மகன். அந்த மனிதர் கேட்டது என்ன? விசாரணையை பாஸ்டனுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நீதிபதிகளையாவது மாற்றுங்கள். கழுத்தில் கயிறு விழப்போகிறவருக்குத் தெரிந்திருக்கிறது கயிறு எங்கிருந்து வருகிறது என்று. எதிரணிக்குத்தான் 300 வருஷம் கழித்தும் தெரியவில்லை.

அவருக்குத் தீர்ப்பு வருவதற்கு முன்பே ஷெரீஃப் வந்து வீட்டைக் காலி செய்துவிட்டார். ஷெரீஃப் யார்? நீதிபதி ஜோனதன் கார்வினுக்கு அண்ணன் மகன். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பீப்பாயில் இருந்த பீரைக் கொட்டிவிட்டுப் பீப்பாயை எடுத்துக்கொண்டார்கள். அடுப்பில் சட்டியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி மாதிரி ஒரு ரசம் இருந்தது. அதையும் ஊற்றிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிசாசுக்குப் பயந்தவன் பிசாசு வீட்டுச் சட்டியை எதற்கு எடுக்கிறான்?

சரி, பாஸ்டன் போதகர் காட்டன் மேதர். எதிரணியின் துருப்புச் சீட்டு. ஆகஸ்ட் 19ஆம் தேதி ஜார்ஜ் பரோஸைத் தூக்கு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கிராமத்துக்கே முன்பு போதகராக இருந்தவர். சூனியக்காரனால் ‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்ற ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. பரோஸ் ஏணியில் நின்றுகொண்டு ஆரம்பம் முதல் ஆமென் வரை ஓர் எழுத்துத் தடுக்காமல் சொன்னார். கூட்டம் அழுதது. தூக்கைத் தடுத்துவிடுவார்களோ என்று தோன்றியது. அப்போதுதான் குதிரை மேல் இருந்த மேதர், பிசாசு ஒளியின் தூதன் வேஷமும் போடும் என்று பேசிக் கூட்டத்தை அடக்கினார்.

என் தோழி இதைச் சொல்லி, பார்த்தீர்களா போதகரே கொன்றார் என்றார். அம்மா, திருப்பிப் பாருங்கள். நம்பிக்கை வைத்த பரீட்சையில் பரோஸ் பாஸ். நம்பிக்கை உள்ள கூட்டம் அவரை விட்டுவிடத் தயார். மேதர் காப்பாற்ற வந்தது எதை? கோர்ட் கொடுத்துவிட்ட தீர்ப்பை. மேதர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் மற்ற போதகர்களும் ஜூன் 15ஆம் தேதி நீதிபதிகளுக்கு எழுதிய ஆலோசனையில், உருவச் சாட்சியத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, கடைசியில் வழக்கைத் தீவிரமாக நடத்துங்கள் என்றும் முடித்தார்கள். பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். ஆனால் எச்சரிக்கை அந்தத் தாளில் இருந்தது. படிக்காமல் விட்டது ஸ்டோட்டன்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது முதல் மேயர் யார்? நத்தேனியல் ஹிக்கின்சன். அமெரிக்காவில், சேலமும் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜான் ஹிக்கின்சன், சேலம் நகரத் தேவாலயத்தின் மூத்த போதகர். 1692 ஜூனில் அந்தப் போதகரின் மகள் ஆன் டாலிவர் மேலேயே சூனியக் குற்றச்சாட்டு. கணவன் விட்டுவிட்டுப் போய், அப்பா வீட்டில் இருந்த பெண். அக்டோபரில் இங்கே அண்ணன் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராகிறார். தங்கையோ அந்தக் கோடையில் அங்கே மாஜிஸ்ட்ரேட்டுகள் முன் நின்றிருந்தார். நல்லவேளை, தூக்குவரை போகவில்லை. நம்பிக்கையின் தலைவாசலே அந்த வீடு. அந்த வீட்டுக்குள் வாரண்ட் நுழைந்தது என்றால், கடிவாளம் நம்பிக்கையின் கையில் இல்லை என்றுதான் அர்த்தம்.

நம்பிக்கைதான் காரணம் என்பவர்கள் பக்கத்துக் காலனி கனெக்டிகட்டுக்கு வாருங்கள். அங்கேயும் பியூரிட்டன்கள். 1647இலேயே சூனியத்துக்குத் தூக்குப் போட்டவர்கள். 1692லும் அங்கே ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு இதே வலிப்பு, இதே கூச்சல், இதே புகார்கள். கடைசியில் மெர்சி டிஸ்பரோ என்ற ஒரே பெண்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவரையும் தூக்கில் போடவில்லை. ஏன் தெரியுமா? வழக்கின் நடுவில் ஒரு ஜூரி வராமல் அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டார்கள். இது முறையில்லை என்று தண்டனையை நிறுத்தினார்கள். அதே வருஷம், அதே மதம், அதே பிசாசு. நடைமுறையைப் பார்த்த கோர்ட்டில் உயிர் தப்பியது.

சேலத்திலும் எப்படி நின்றது? நம்பிக்கை போனதாலா? காட்டன் மேதரின் அப்பா இன்கிரீஸ் மேதர் அக்டோபரில் எழுதினார்: ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்து சூனியக்காரிகள் தப்புவது மேல். நம் சினிமாக் கோர்ட்டில் ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம் என்பார்கள்; இவர் பத்தோடு நிறுத்திக்கொண்டார். சூனியம் உண்டு என்று கடைசிவரை நம்பியவர் அவர். மாதக் கடைசியில் கவர்னர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதுக் கோர்ட். தலைமை நீதிபதி அதே ஸ்டோட்டன். ஜனங்களும் அதே ஜனங்கள். ஒரே ஒரு மாற்றம், உருவச் சாட்சியத்துக்கு இடமில்லை. 52 பேர் விசாரணைக்கு வந்தார்கள். 49 பேர் விடுதலை. மிச்சம் மூன்று பேரின் தூக்கையும் கவர்னர் நிறுத்தினார். ஸ்டோட்டன் கோபத்தில் பெஞ்சை விட்டு எழுந்து போய்விட்டார்.

சாமுவேல் சிவல் மன்னிப்புக் கேட்டதை எதிரணி, நம்பிக்கை வெட்கப்பட்ட நாள் என்றது. 1697 ஜனவரி 14, பாஸ்டன் தேவாலயத்தில் போதகர் அவருடைய கடிதத்தைப் படிக்க, எல்லோர் முன்னாலும் அவர் எழுந்து நின்றார். நின்றவர் யார்? போதகர் இல்லை, நீதிபதி. கடிதத்தில் என்ன இருந்தது? சேலத்தில் அந்த விசேஷ நீதிமன்றம் திறந்ததால் சேர்ந்த குற்றம் என்று அவரே எழுதியிருக்கிறார். பழியும் வெட்கமும் என்னைச் சேரட்டும் என்றார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்கில் நாம் எதற்குப் பட்டிமன்றம் நடத்துகிறோம் என்று எனக்கே சந்தேகம்தான்.

சாரா குட்டின் மகள் டாரத்திக்கு அப்போது நாலைந்து வயது. அந்தக் குழந்தையையும் சூனியக்காரி என்று சங்கிலி போட்டு ஏழெட்டு மாதம் சிறையில் வைத்தார்கள். அம்மாவைத் தூக்கில் போட்டார்கள், கைக்குழந்தையான தங்கை சிறையிலேயே இறந்தது. 1710இல் அவளுடைய அப்பா நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தபோது, அன்றுமுதல் அவளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று எழுதினார். அந்த மனுவுக்கு 30 பவுண்டு கொடுத்தார்கள்.

1693 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பான அந்த மூன்று பேரில் ஒருவர் எலிசபெத் ஜான்சன், 22 வயது. உயிர் பிழைத்தார். ஆனால் மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொரு தடவை விடுவித்தபோதும் இவர் பெயர் விட்டுப்போயிற்று. கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசிரியரோடு சேர்ந்து மூன்று வருஷமாக அலைந்து கேட்டு, 2022இல் மாசசூசெட்ஸ் சட்டசபை மாநில பட்ஜெட்டோடு ஒரு வரி சேர்த்து அவரை நிரபராதி ஆக்கியது. 329 வருஷம். பிள்ளைகள் போய் நின்ற வாசல் தேவாலயத்தின் வாசல் இல்லை நடுவர் அவர்களே, சட்டசபையின் வாசல்.

மணி அடித்துவிட்டார்கள். அமர்கிறேன். நன்றி, வணக்கம்.